எட்டாவது கொட்டு

நாவுலயில் இறங்குகிற பயணிகள் குறைவு. சீகிரியாவுக்கும் தம்புள்ளைக் குகைக் கோயிலுக்கும் போகிற வான்கள் இந்தச் சந்தியில் பிரேக்கைத் தொடாமலே கடந்துவிடும். ஏ9 பாதையில் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கடைகள், கிழக்கே எலஹெரப் பக்கம் பிரிகிற ஒரு பாதை. அந்தப் பாதையில் போனால் போவதென்ன நீர்த்தேக்கம், அதற்கும் அப்பால் மொரகஹகந்த. தெற்கே பார்த்தால் மலை, வடக்கே பார்த்தால் வறண்ட சமவெளி. தம்புள்ளையில் ஏறும்போது முதுகைச் சுட்ட ஆகஸ்ட் வெயில் இங்கே வந்ததும் கொஞ்சம் இளகுகிறது. தென்கிழக்கில் நக்கிள்ஸ் மலைத்தொடர் முகில் மூடிக் கிடந்தது.

நான் வந்தது ஒரு பழைய பாதையைப் பார்க்க. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தெற்கே நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். அதற்கு முன் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கால்தான் வண்டி. மலையகத்துக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணமும் இந்த வழியாகத்தான் வந்து ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது.

பாதையைப் பார்க்க வந்த இடத்தில் ஆங்கிலப் பாட்டு ஒன்று வழிமறித்தது.

சந்திக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரர் மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்து இங்கே குடியேறியவர். பிளேன்டீயை வைத்துவிட்டு, "அண்ணே, நீங்க எழுதுற ஆளுன்னு சொன்னீங்களே, இந்தப் புள்ளைக்கு ஒரு சந்தேகமாம்" என்று மகளை முன்னால் தள்ளினார். மாத்தளையில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்கிறவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கில இலக்கியத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். கையில் கொப்பி. அதில் டியூஷனில் சொல்லிக் கொடுத்தது அழகான கையெழுத்தில் இருந்தது: ரைம் ஸ்கீம் ஏபிஏபி. மீட்டர் அயாம்பிக். ரெபிடிஷன், அழுத்தம் கொடுப்பதற்காக.

"மாமா, இதெல்லாம் எழுதினா மார்க்ஸ் கெடைக்கும். ஆனா மீட்டர்னா என்னான்னு வெளங்கல."

பாட்டு எ.ஈ. ஹவுஸ்மன் எழுதியது. 1896இல் வந்த 'எ ஷ்ராப்ஷர் லாட்' தொகுப்பின் அறுபத்துமூன்று பாட்டுகளில் எட்டாவது. இலங்கைப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஒரு பண்ணை இளைஞன் நண்பனிடம் விடைபெறுகிறான். களஞ்சியத்துக்கும் வைக்கோற்போருக்கும் மரத்துக்கும் ஆற்றங்கரைக்கும் விடை சொல்கிறான். இரண்டாவது கண்ணியில்தான் காரணம் தெரிகிறது: அண்ணனையோ தம்பியையோ கொன்றுவிட்டான். பாதி அறுத்த புல்வயலில் பிணம் கிடக்கிறது. காலையில் இரண்டு பிள்ளைகள் இருந்த தாய் இரவில் தனியாள். ஆறு கண்ணி, இருபத்துநான்கு அடி, அவ்வளவுதான். ஹவுஸ்மன் ஷ்ராப்ஷர்க்காரர் அல்லர். பக்கத்து மாவட்டமான வூஸ்டர்ஷரில் பிறந்தவர். ஷ்ராப்ஷரின் மலைகள் அவருக்கு மேற்கு அடிவானத்தில் தெரிந்தவை. இதை எழுதிய காலத்தில் இலண்டனில் லத்தீன் பேராசிரியர். புத்தகத்தைக் கைக்காசு போட்டு வெளியிட்டார். நாட்டுப்புறத்தானின் குரலில் பாடியவர் பட்டணத்துப் பண்டிதர் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாட்டின் கட்டுமானம் இன்னும் வியப்பாக இருக்கும்.

அயாம்பிக் என்று தொடங்கினால் அந்தப் பெண் மறுபடி கொப்பிக்குள் போய்விடுவாள். பாரதியின் பெண்கள் விடுதலைக் கும்மி தெரியுமா என்று கேட்டேன். தெரியும். சொல்லிக்கொண்டே கை தட்டச் சொன்னேன். முதலில் நான்கு சீர், பிறகு மூன்று சீர். ஏழு. யாப்பு நூல்கள் கும்மியை ஏழு சீர் அடிகள் இரண்டு ஓரெதுகையில் வருவது என்று இலக்கணம் சொல்லும். அவள் ஏழு தட்டி நிறுத்தினாள்.

உள்ளே வடை போட்டுக்கொண்டிருந்த அவளுடைய அம்மா எட்டிப் பார்த்தார். "ஏழோட நிக்கக் கூடாது பாப்பா. ஒரு கொட்டு சும்மா விட்டுத்தான் அடுத்தது எடுக்கணும். இல்லாட்டி சுத்துறவ கால் இடறும்." தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் கும்மியடித்தவர். மாவுக் கையோடு வந்து காட்டினார். ஏழு சொல்லோடு, எட்டாவது சொல் இல்லாமல்.

நான் சொல்ல நினைத்தது அதைத்தான். ஹவுஸ்மன் எடுத்துக்கொண்டது ஆங்கில நாட்டார் கதைப்பாடலின் பழைய அளவு. முதலடியில் நான்கு அழுத்தம், இரண்டாமடியில் மூன்று. மறுபடி நான்கு, மூன்று. இரண்டடி சேர்ந்தால் ஏழு அழுத்தம், எட்டாவது இடம் வெறும் மூச்சு. ஆங்கிலத்தில் எண்ணப்படுவது சொல்லின் அழுத்தம், தமிழில் நேரும் நிரையும் கூடிய சீர். கணக்கு வேறு, இலக்கணம் வேறு. ஆனால் கை தட்டினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சுற்று. ஷ்ராப்ஷரும் மாத்தளையும் பேசி வைத்துக்கொண்டதில்லை. கூட்டமாக நின்று பாடுகிறவர்களுக்கு எங்கும் மூச்சு வாங்க ஓர் இடம் வேண்டியிருக்கிறது என்பதே என் ஊகம்.

மெதுவாக வாசித்தோம். அவள் ஆங்கிலத்தைச் சொல்ல, அம்மா தாளத்தைப் பிடித்தார். தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. தாளம் ஓரிடத்திலும் தப்பவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும், "என்னா அது, மொதல்லயே இடிக்குது?" என்றார்.

சரியான கேள்வி. பாட்டு பொதுவாக மெல்லசை ஒன்று, வல்லசை ஒன்று என்று எழுந்து விழுந்து போகிறது. கொப்பியில் இருந்த அயாம்பிக் என்பது அதுதான். ஆனால் முதல் கண்ணியின் மூன்றாவது அடியில் அந்த மெல்லசை காணாமல் போய், நண்பனின் பெயர் வல்லசையாக அடியின் வாசலிலேயே வந்து நிற்கிறது. விடைபெறுகிறவன் திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். தாளத்தில் ஒரு சின்ன இடி. இதே இடி கடைசிக் கண்ணியின் முதலடியிலும் விழுகிறது. நெடுநேரம் என்று பொருள்படும் சொல் அங்கே தலையிலேயே வருகிறது. அதே சொல் அடுத்த இரண்டு அடிகளில் ஓர் அசை தள்ளி, வழக்கமான இடத்தில், அடங்கி வருகிறது. இடித்துத் தொடங்கி ஓய்ந்து போகிற குரல். 'ரெபிடிஷன், அழுத்தம் கொடுப்பதற்காக' என்று எழுதினால் இதற்கு நேர் எதிரானதைச் சொன்னதாகிவிடும். மூன்று தடவை சொல்லச் சொல்ல அழுத்தம் குறைகிறது.

அந்தக் கடைசிக் கண்ணியில் எவையெவை அவனுக்காகக் காத்திருக்கின்றன என்று பார்க்கச் சொன்னேன். வைக்கோற்போர். ஆட்டுப்பட்டி. வெறுந்தட்டு. ஆறிப்போகிற சாப்பாடு. வயலில் தொடங்கி, பட்டி வழியாக வந்து, மேசையில் போய் முடிகிறது. ஆள் ஊரை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறான். அவன் அடுக்குகிற பொருள்களோ வீட்டுக்கு உள்ளே உள்ளே நடக்கின்றன. ஒப்பாரியைக் கேட்டிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. நம் ஒப்பாரிகளிலும் வாக்கியம் மாறாது, பொருள் மட்டும் மாறும்; ஒவ்வொரு மாற்றத்திலும் இழப்பு ஒரு முழம் கிட்டே வரும். ஒரே ஒரு வித்தியாசம். ஒப்பாரியில் பாடுகிறவள் செத்தவருக்காகப் பாடுகிறாள். இங்கே கொன்றவனே தனக்கு ஒப்பாரி வைத்துக்கொள்கிறான். செத்தவனுக்கு அந்தக் கண்ணியில் இடமே இல்லை. இரக்கப்பட வைத்துவிட்டு இதைக் கவனிக்க விடாமல் செய்வது பாட்டின் கெட்டிக்காரத்தனம். எனக்கு அதில் கொஞ்சம் கோபமும் உண்டு.

இனி, ரைம். ஏபிஏபி என்றால் முதலடியின் கடைசி ஒலி மூன்றாமடியில் திரும்பும், இரண்டாமடியுடையது நான்காமடியில். நம் யாப்பில் இயைபு என்போம். நமக்கு அது இரண்டாம்பட்சம். தமிழில் அடி தொடங்கும்போதே எதுகை வந்து 'இதோ வந்துவிட்டேன்' என்று சொல்லிவிடும். ஆங்கிலத்தில் கடைசிச் சொல் வரை காக்க வைப்பார்கள். கொலையைச் சொல்லும் கண்ணியில் ஹவுஸ்மன் அந்தக் காத்திருப்பை ஆயுதமாக்குகிறார். இரண்டாமடி இரத்தம் காய்ந்துவிட்டது என்று முடிகிறது. யாருடையது, எங்கே என்று தெரியாது. காது அதற்கு இணையான ஒலியைத் தேடிக்கொண்டிருக்கிறது. நான்காமடியின் கடைசிச் சொல்லாக அது கிடைக்கும்போதுதான் கத்தி எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் தெரிகிறது. இயைபு பூர்த்தியாகிற நொடியும் கத்தி கண்ணில் படுகிற நொடியும் ஒன்று. அதற்குப் பிறகு அந்த எட்டாவது கொட்டு. சொல் இல்லாத இடம். கும்மியில் கால் மாற்றுவதற்கான இடம், இங்கே மூச்சு அடைக்கிற இடம்.

அம்மாவுக்குக் கதையைத் தமிழில் சொன்னேன். "கூடப் பொறந்தவன வெட்டிட்டு, கும்மி மெட்டுலயா சொல்றான்?" என்று கையை உதறிவிட்டு வடைச்சட்டிக்குத் திரும்பினார். பழைய ஆங்கில, ஸ்கொட்லாந்துக் கதைப்பாடல்களில் கொலை நிறைய உண்டு. ஹவுஸ்மன் எழுதிய அதே காலத்தில், 1882 முதல் 1898 வரை, பிரான்ஸிஸ் ஜேம்ஸ் சைல்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அவற்றில் முந்நூற்றைந்தைத் திரட்டிய தொகுப்பு பகுதி பகுதியாக வந்துகொண்டிருந்தது. சந்தையிலும் சாராயக்கடையிலும் ஆட்டத்துக்கு ஏற்ற மெட்டிலேயே கொலைக்கதையும் பாடப்பட்டது. நம் ஊர்க் கொலைச்சிந்துகளும் அப்படித்தானே. திருவிழாக் கூட்டத்தில் காலணாவுக்கு விற்ற அந்தச் சிந்துப் புத்தகங்களில் பழிக்கும் பாவத்துக்கும் தனி மெட்டு கிடையாது.

இவ்வளவு நேரமும் மூலை வாங்கிலில் ஒரு சிங்களப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் அவரைச் சீயா (தாத்தா) என்று கூப்பிட்டார். நாங்கள் தட்டுவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு பெல் கவி எடுத்தார். காடு வெட்டி விதைத்த சேனைப் பயிரை யானையிடமிருந்து காக்க இரவில் பரணில் விழித்திருப்பவர்கள் பாடுவது. நாவுலப் பக்கத்தில் யானைத் தொல்லை இன்னும் பழங்கதை ஆகவில்லை. சிங்கள நாட்டார் கவி பெரும்பாலும் நான்கடி. நான்கு அடியும் ஒரே ஒலியில் முடியும். எளிசமய என்பார்கள். ஆங்கிலக்காரன் ஒன்றுவிட்டு ஒன்றாக இணைக்கிறான், சிங்களவர் நான்கையும் ஒரே கயிற்றில் கட்டுகிறார். ஒவ்வோர் அடியின் கடைசி ஒலியையும் சீயா நீட்டி நீட்டி இழுத்தார். யானைக்குக் கேட்க வேண்டாமா, அடுத்த பரணில் இருப்பவன் தூங்கிவிடக் கூடாதல்லவா என்று சிங்களத்தில் விளக்கம் வேறு. அந்த நீட்டலுக்கு வாகாகத்தான் இயைபு அடியின் கடைசியில் வந்து உட்கார்ந்தது என்று அவர் சொல்லவில்லை. பாடியதைக் கேட்டபோது எனக்கு அப்படித்தான் பட்டது. தனியாக இருட்டில் பாடுகிறவனுக்கு எட்டாவது கொட்டு தேவைப்படவில்லை. அவன் வேண்டிய மட்டும் நீட்டலாம்.

பிற்பகலில் ஓட்டோ பிடித்து நாலந்தா கெடிகே போனேன். மாத்தளைப் பக்கம் கொஞ்ச தூரம். எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையில் கட்டியது என்பார்கள். முழுக் கருங்கல். மாமல்லபுரத்தைப் பார்த்தவர்களுக்கு வாசலிலேயே ஊர் ஞாபகம் வரும்: கூடுகளும் அவற்றுக்குள் முகங்களும், விமானத்தின் அடுக்கும், அர்த்த மண்டபமும். ஆனால் இது பௌத்தர்களின் வழிபாட்டிடம். போவதென்ன நீர்த்தேக்கத்தின் நீர் ஏறும் என்று கல் கல்லாகக் கழற்றி எடுத்து, மேட்டில் திரும்ப அடுக்கி 1980இல் முடித்தார்கள். தண்ணீருக்கு நடுவே மண்திட்டில் இப்போது நிற்கிறது. பல்லவச் சிற்பிகளே வந்தார்களா, பார்த்துப் பழகியவர்கள் கட்டினார்களா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஒரு மரபின் அளவை இன்னொரு மரபின் சாமிக்கு எடுத்துக் கொடுக்கலாம், இடிந்து விழுந்துவிடாது என்பதற்கு ஆயிரம் வருஷத்துச் சாட்சியாக அது நிற்கிறது. சுற்றுலாக்காரர் ஒருவரும் இல்லை. காவலாளி நிழலில் உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்.

மாத்தளை பஸ்ஸில் மனம் மறுபடி கும்மிக்கே போயிற்று. மலையக இலக்கியத்தின் முதல் அச்சு நூல் என்று சொல்லப்படுவதும் ஒரு கும்மிதான். ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி', யாழ்ப்பாணத்தில் 1869இல் அச்சானது. கிரேட் வெலி தோட்டத்தில் தலைமைக் கண்காணிப்பாளராக இருந்தவர் அவர். காடு வெட்டுவதிலிருந்து கோப்பி வளர்ப்பு முழுவதையும் கும்மியில் சொன்னார். ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்தே கொடுத்தார். அடுத்த ஆண்டே, கொழும்பில் அரசாங்க அச்சகத்தை நடத்திய வில்லியம் ஸ்கீன், நக்கிள்ஸ் மலைத்தொடரையும் கோப்பி வளர்ப்பையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடும்பாட்டு இலண்டனில் வந்தது. இரண்டு பாட்டும் கோப்பியின் பெருமை பேச, மதுல்சீமையில் 1869இலேயே கோப்பி இலையில் நோயின் செம்மஞ்சள் புள்ளி விழுந்துவிட்டது. இருபது ஆண்டுக்குள் கோப்பி போயே போயிற்று. பாட்டுகள் மிஞ்சின.

ஜோசப்பின் கும்மி துரைமார் பக்கம் நின்று பாடியது என்ற குற்றச்சாட்டு உண்டு, நியாயமானதும்கூட. எனக்கு உறுத்துவது வேறு. தோட்டத்துப் பெண்கள் தங்கள் சாமிக்கும் தங்கள் சந்தோஷத்துக்கும் வைத்திருந்த கொட்டை எடுத்து, வேலை வாங்குகிறவர் வேலை சொல்லிக் கொடுத்தார். எந்த இடத்தில் கை தட்டுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எட்டாவது கொட்டில் அவர்கள் மூச்சு வாங்குவார்கள் என்பதும்.

இதற்கு எதிர்முனையில் சி.வி. வேலுப்பிள்ளையின் ஆங்கில நெடுங்கவிதை. 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்.' 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில், பெரிய கங்காணி வீட்டில் பிறந்தவர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் தலவாக்கலைக்கு நாடாளுமன்ற உறுப்பினரானார். அடுத்த ஆண்டே வந்த பிரசாவுரிமைச் சட்டம் அவரைத் தேர்ந்தெடுத்த மக்களை நாடற்றவர்களாக்கியது; 1952 தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. கவிதை அந்தக் காலத்தது. சக்தீ அ. பால ஐயா 1969இல் அதைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார்.

பஸ் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே அந்த ஆங்கிலத்தை நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தேன். கும்மிக்குள் நிற்கவில்லை. நாலும் இல்லை, மூன்றும் இல்லை. இரண்டு மூன்று அழுத்தத்தில் வெட்டுண்ட சின்னச் சின்ன அடிகள். ஏபிஏபி தேடினால் கிடைக்காது. தொடக்கத்தில் தப்புப் பறை அதிர்கிறது, விடியல் திடுக்கிடுகிறது. அங்கே த, ட ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. தோட்டத்தில் தப்பு ஆட்டத்துக்கு மட்டுமல்ல, ஆளை எழுப்பிப் பிரட்டு என்ற காலை ஆள்கணக்குக்கு அனுப்பவும் அடிக்கப்பட்டது. கும்மி பாடுகிறவர்களின் கொட்டு. விடியல் தப்பு அவர்கள்மேல் அடிக்கப்பட்டது. வேலுப்பிள்ளை எந்தக் கொட்டை எடுத்தார் என்பதில் எல்லாம் இருக்கிறது.

தேயிலைக்கு அடியில் புதைந்த முன்னோரைப் பற்றிய பகுதி எல்லோரும் எடுத்துக்காட்டுவது. மண்ணுக்குள் மண்ணாய்ப் போனதைச் சொல்ல ஒரே சொல்லை ஒரே அடியில் இரண்டு தடவை வைக்கிறார், ஒன்றின் கீழ் ஒன்றாக. முடிவில் கல்லறை, அருள், புல் என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்கள் அடுத்தடுத்த அடிகளின் கடைசியில் வருகின்றன. ஆங்கிலக் காது அங்கே இயைபை எதிர்பார்க்கும். மூன்றும் முடிவில் ஒத்துப்போகவில்லை. தொடக்கத்தில் ஒத்துப்போகின்றன. மூன்றுமே 'க்ர' என்று தொடங்குபவை. இயைபு உட்கார வேண்டிய நாற்காலியில் மோனையை உட்கார வைத்திருக்கிறார். தமிழ்க் காதுள்ள ஒருவர் அதை வேண்டுமென்றே செய்தாரா, தானாக வந்ததா என்று அவரிடம் கேட்க முடியாது, 1984இல் போய்விட்டார். ஆனால் அந்த இடத்தை வாய்விட்டுப் படிக்கும்போதெல்லாம் ஆங்கிலம் ஒரு நொடி தமிழ் முறையில் பேசுகிறது என்றே எனக்குப் படுகிறது.

கும்மி தெரியாமல் விட்டவர் என்று அவரைச் சொல்லவே முடியாது. தோட்டம் தோட்டமாகப் போய்த் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் சேகரித்தவர். அந்தத் தொகுப்பு 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1987இல், அவர் காலத்துக்குப் பின், சென்னையில் வந்தது. ஆங்கிலக் கதைப்பாடல் அளவும் பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் பழக்கமானதுதான். இரண்டு கையிலும் ஒரே சுற்று இருந்தும் அவர் அதை எடுக்கவில்லை. ஏழு கொட்டிவிட்டு எட்டாவதில் மூச்சு வாங்கலாம் என்ற உறுதியை, மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்தவர்களைப் பற்றிய பாட்டுக்கு அவர் தர விரும்பவில்லை என்று நினைக்கிறேன். அவருடைய அடிகள் எங்கே முடியும் என்று முன்கூட்டித் தெரியாது. வாசிக்கிறவர் ஒவ்வோர் அடியிலும் கையை ஓங்கியபடி காத்திருக்க வேண்டும்.